ஆறு வயதுப் பிள்ளையும் கொடுத்த வாக்கும்

கேள்வி: தொண்டியிலிருந்து ஒரு தாய், 2 பிப்ரவரி 2024

என் மகனுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. "அஸருக்குப் பிறகு ஓதிர்றேன் உம்மா" என்று காலையில் சொல்வான். அஸர் என்ற மாலைத் தொழுகை நேரம் வந்தால் தெருவுக்கு ஓடிவிடுவான். தங்கைக்குச் சைக்கிள் தருவதாகச் சொல்வான். கேட்டால் "நான் எப்ப சொன்னேன்" என்பான். வாக்கு மீறுவது முனாஃபிக்கின், அதாவது நயவஞ்சகனின், அடையாளம் என்று நபிமொழியான ஹதீஸ் இருக்கிறதே, அதைச் சொல்லிப் பயம் காட்டு என்கிறார் என் மாமி. எனக்கு மனம் ஒப்பவில்லை, சும்மா விடவும் முடியவில்லை. சிறு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

3 பிப்ரவரி 2024

கீழக்கரையில் மக்தப் என்ற குர்ஆன் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாபி (ஆசிரியை) என்ற முறையில் எழுதுகிறேன். அப்படிப் பயம் காட்ட வேண்டாம். மாமியிடம் பணிவாகப் பேசி நிறுத்திவிடுங்கள்.

அந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய ஹதீஸ் தொகுப்புகள் இரண்டிலும் இருக்கிறது. பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மீறுவான், நம்பி ஒப்படைத்தால் மோசம் செய்வான் என்று மூன்று அடையாளங்களைச் சொல்கிறது. அது மெய்யான எச்சரிக்கை. ஆனால் யாரை நோக்கிய எச்சரிக்கை என்று பார்க்க வேண்டும். வாக்குக் கொடுக்கும்போதே நிறைவேற்றும் நிய்யத்து என்ற எண்ணம் இல்லாமல், மீறுவதையே வழக்கமாக்கிக்கொண்ட வளர்ந்த மனிதரை நோக்கியது அது. அதிலும் இது செயலில் உள்ள நயவஞ்சகமே தவிர இறைமறுப்பை மறைத்து, ஈமான் என்ற இறைநம்பிக்கை கொண்டதாக நடிக்கும் நயவஞ்சகம் அல்ல என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். பருவமடையாத பிள்ளையை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது, அதாவது அதன்மீது குற்றம் எழுதப்படாது என்று சொன்னதும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம்.

முனாஃபிக் என்ற சொல்லைக் கேட்ட பிள்ளை வாக்கை மதிக்கக் கற்றுக்கொள்வதில்லை, தப்பிக்கக் கற்றுக்கொள்கிறது. உங்கள் மகன் "நான் எப்ப சொன்னேன்" என்று கேட்பது அதன் முதல் படி. சொன்னதை ஒத்துக்கொண்டால் ஏச்சு விழும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முதலில் அந்தப் பயம் போக வேண்டும்.

4 பிப்ரவரி 2024

நேற்று கேட்க விட்டுப்போனது: அவனுக்கு நீங்கள் கொடுக்கும் வாக்குகள் எப்படி இருக்கின்றன?

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) சிறு பிள்ளையாக இருந்தபோது, நபியவர்கள் அவர்கள் வீட்டில் இருந்த வேளையில், தாயார் அவரை "இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று கூப்பிட்டார். என்ன கொடுக்க நினைத்தாய் என்று நபியவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். எதுவும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் பதிவானது இது.

பிள்ளைமீது எழுதப்படாத கணக்கு தாய்மீது எழுதப்படும் என்பதை இதற்குமேல் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. "சோறு தின்னு, தொதல் வாங்கித் தாரேன்" என்று நம் வீடுகளில் வேளைக்கு ஒரு தடவை சொல்கிறோம். தின்று முடித்ததும் யாருக்கும் அது நினைவிருப்பதில்லை, பிள்ளையைத் தவிர.

11 பிப்ரவரி 2024

தனியாக எழுதிக் கேட்டவர்களுக்கும் சேர்த்து, நடைமுறையில் செய்யக்கூடியது.

ஐந்து ஆறு வயதில் "நாளைக்கு", "அடுத்த வாரம்", "லீவு விட்டதும்" என்பவை எல்லாம் ஒரே மங்கலான தூரம். காலையில் கொடுத்த வாக்கு மாலைவரை அந்த வயதில் நிற்பது கடினம், அது கெட்ட குணத்தால் அல்ல. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கையில் இருக்கும் கடிகாரம், தொழுகைக்கு அழைக்கும் பாங்கு. அதைப் பயன்படுத்துங்கள். அந்திநேர மஃரிப் பாங்கு சொன்னதும் இந்த அலிஃப் பே புத்தகத்தை எடுத்துவந்து உம்மா பக்கத்தில் உட்காருவேன் என்ற அளவில் வாக்கு சிறியதாகவும், கண்ணால் பார்க்கக்கூடியதாகவும், வாக்குக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவே ஒரே ஒரு பாங்கு மட்டும் இருக்கும்படியாகவும் அமைய வேண்டும். உங்கள் மகன் சொன்னது "அஸருக்குப் பிறகு". பிறகு என்றால் எப்போது? இரவுத் தொழுகையான இஷாவும் அஸருக்குப் பிறகுதானே. அவன் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது.

பாங்கு சொன்னதும் "டேய், என்ன சொன்னே?" என்று அதட்டாதீர்கள். "பாங்கு சொல்லிட்டாங்க வாப்பா" என்பதோடு நிறுத்துங்கள். மிச்சத்தை அவனே எடுத்துக்கொள்ளட்டும்.

20 பிப்ரவரி 2024

பாம்பனில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "எதைக் கேட்டாலும் இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லையே, வாக்கு மீறியதாக ஆகாதே." இதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

நாளை இதைச் செய்வேன் என்று எதைப் பற்றியும் சொல்லாதே, அல்லாஹ் நாடினால் என்று சேர்த்தே சொல் என்று குர்ஆனின் கஹ்ஃப் அத்தியாயத்தின் 23, 24 ஆம் வசனங்கள் கட்டளையிடுகின்றன. நம் முயற்சியை முழுதாக வைத்துவிட்டு, நம் கைக்கு எட்டாததை அல்லாஹ்விடம் விடுவதற்கான சொல் அது. நம் வீடுகளில் பல நேரம் முயற்சியே இல்லாத இடத்தில் அதை வைக்கிறோம். கடைக்கு முன்னால் நின்று பிள்ளை கேட்கும். வாங்கும் எண்ணம் சிறிதும் இல்லாமல் "இன்ஷா அல்லாஹ், அப்புறம் பார்க்கலாம்" என்போம். சில மாதங்களில் பிள்ளை புரிந்துகொள்ளும், அல்லாஹ்வின் பெயர் வந்தால் கிடைக்காது என்று. என் மக்தபில் ஒரு சிறுமி "இன்ஷா அல்லாஹ் சொல்லாதீங்க உஸ்தாபி, நிஜமா சொல்லுங்க" என்றாள். அந்தப் பிள்ளைக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் அவளை நேசிக்கும் பெரியவர்கள்.

வாங்க முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். பிள்ளை அழும், அழுது ஓயும். அல்லாஹ்வின் பெயரை அந்த அழுகைக்குத் தடுப்பாக வைக்காதீர்கள்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பது எளிது என்பதே என் அனுபவம். வேதாளை, பெரியபட்டினம் பக்கத்துப் பிள்ளைகளின் வாப்பாமார் "காத்து விட்டா நாளைக்குக் கடலுக்குப் போவேன்" என்று சொல்வதைப் பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். விடியும் முன்னே எழுந்து, வலையை எடுத்துவைத்து, கரைக்குப் போய்ப் பார்த்து, கச்சான் காற்று பலமாக வீசினால் திரும்பி வருகிற வாப்பாவையும், எழுந்திருக்காமலே "காத்து சரியில்லை" என்று படுத்துக் கிடக்கிறவரையும் ஆறு வயதுப் பிள்ளை பிரித்தறியும். முதலாமவர் செய்வது இன்ஷா அல்லாஹ். இந்த ஒரு உதாரணம் போதும். நீண்ட பயான் உரை தேவையில்லை.

21 பிப்ரவரி 2024

மேலே எழுதியதோடு சேர வேண்டிய இரண்டு சம்பவங்கள், இரண்டும் குர்ஆனிலேயே இருப்பவை. அல்லாஹ்வின் கட்டளைப்படி தம்மை அறுக்கப்போகும் தந்தை இப்ராஹீம் (அலை) அவர்களிடம் "அல்லாஹ் நாடினால் என்னைப் பொறுமையாளனாகக் காண்பீர்கள்" என்றார் இஸ்மாயீல் (அலை), சொன்னபடியே படுத்தார். வாக்கில் உண்மையானவர் என்று மர்யம் அத்தியாயம் 54 ஆம் வசனம் அவரைப் புகழ்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் கதையாக நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்.

அதே சொற்களை மூஸா (அலை) அவர்களும், தாம் கற்றுக்கொள்ளப் போன கிள்ரு (அலை) அவர்களிடம் சொன்னார்கள். கேள்வி கேட்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பொறுக்க முடியவில்லை, கேட்டுவிட்டார்கள். உடனே "நான் மறந்ததற்காக என்னைக் குற்றம் பிடிக்காதீர்கள்" என்றார்கள். ஒரு நபியே சொன்னதை மறந்து, மறந்ததை ஒப்புக்கொண்டு, பொறுக்கச் சொல்லிக் கேட்டார் என்பதைப் பிள்ளைகள் வாய் திறந்து கேட்கிறார்கள். "நான் எப்ப சொன்னேன்" என்பதற்கு மாற்றாக, "மறந்துட்டேன், மன்னிச்சிருங்க" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு முன்மாதிரி கிடைக்கிறது. இரண்டு கதையையும் சேர்த்தே சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால், தவறிய பிள்ளைக்குத் திரும்பி வர வழி தெரியாது.

2 மார்ச் 2024

நபியவர்கள் ஒருவருக்காக ஒரே இடத்தில் மூன்று நாள் காத்திருந்த சம்பவத்தைச் சொல்லிக்கொடுக்கலாமே என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். அபூதாவூதில் இருப்பதுதான், பயான்களில் அடிக்கடி கேட்பதுதான். ஆனால் அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். உண்மையைக் கற்பிக்கும் பாடத்துக்கு உறுதியான சம்பவம் கையில் இருக்கும்போது பலவீனமானது எதற்கு?

நான் சொல்வது நபித்தோழர் ஜாபிர் (ரலி) அவர்களின் சம்பவம், புகாரியில் உள்ளது. பஹ்ரைனிலிருந்து பொருள் வந்தால் உனக்கு இவ்வளவு, இவ்வளவு, இவ்வளவு தருவேன் என்று நபியவர்கள் கையால் காட்டிச் சொல்லியிருந்தார்கள். பொருள் வரும் முன்பே வஃபாத் ஆகி மறைந்தார்கள். பொருள் வந்ததும், அவர்களுக்குப் பின் ஆட்சிப் பொறுப்பேற்ற அபூபக்கர் (ரலி), நபியவர்கள் யாருக்காவது வாக்களித்திருந்தால், கடன் பட்டிருந்தால் என்னிடம் வரட்டும் என்று அறிவித்தார்கள். ஜாபிர் போய்ச் சொன்னார். இரு கைகளாலும் அள்ளிக் கொடுத்து, எண்ணிப் பார் என்றார்கள், ஐந்நூறு இருந்தது. இதைப் போல இன்னும் இரு மடங்கு எடுத்துக்கொள் என்றார்கள்.

எங்கள் ஊரில் இதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்பார்கள். அடக்கம் செய்த கபுறிலிருந்து கை நீண்டு மோதிரம் கொடுத்தது என்பது வள்ளல்மீது மக்கள் வைத்த அன்பில் பிறந்த கதை என்று அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். அபூபக்கர் கொடுத்தது நடந்தது. ஒருவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் வாக்கை இன்னொருவர் எடுத்து நிறைவேற்றலாம் என்பது பிள்ளைகளுக்கு மிகப் பெரிய செய்தி.

5 மார்ச் 2024

மண்டபத்துச் சகோதரர் "எந்த வாக்கை மீறினாலும் ஹராம்தான், குழந்தைக்கும் அப்படியே சொல்ல வேண்டும்" என்கிறார். நம் கரையில் பெரும்பாலும் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹப் என்ற சட்ட மரபின் பேரறிஞர் இமாம் நவவி, வாக்கை நிறைவேற்றுவது வலியுறுத்தப்பட்ட நற்செயல் என்றும், மீறுவது கடுமையாக வெறுக்கப்பட்டது என்றும், இதுவே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து என்றும் சொல்கிறார்; கட்டாயம் என்று சொன்னவர்களையும் குறிப்பிடுகிறார். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுப்பது வேறு வகை, அது பொய். வாக்கின் மதிப்பை உயர்த்துவதற்காக மார்க்கத்தில் இல்லாத கடுமையைச் சேர்க்கத் தேவையில்லை. வாக்கு பற்றி விசாரிக்கப்படும் என்ற பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 34 ஆம் வசனம் பெரியவர்களை நடுங்க வைக்கப் போதுமானது.

16 மார்ச் 2024

நோன்பு தொடங்கியதிலிருந்து மக்தபில் எல்லாப் பிள்ளைகளும் "முப்பதும் பிடிப்பேன்" என்கிறார்கள். தடுக்கிறேன். இன்று நண்பகல் லுஹர் பாங்கு வரை பிடிப்பேன் என்று சொல், முடிந்தால் அஸர்வரை போ என்கிறேன். பசித்து நோன்பைத் திறந்த பிள்ளையை வாக்கு மீறியவன் என்று கேலி செய்யும் அண்ணன்மாரைக் கண்டித்து வையுங்கள்.

13 ஏப்ரல் 2024

பெருநாளன்று தெருவில் கேட்டதை வைத்து எழுதுகிறேன். "உம்மா மேல சத்தியமா", "குர்ஆன் மேல சத்தியமா", "என் கண்ணு மேல சத்தியமா" என்று பெருநாள் காசைக் குறித்துப் பிள்ளைகள் சத்தியங்களை அடுக்குகிறார்கள். சத்தியம் செய்வதானால் அல்லாஹ்வின் மீது செய்யுங்கள், இல்லாவிட்டால் வாய் மூடி இருங்கள் என்பது நபிமொழி. வளர்ந்தவர் அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்து முறித்தால் பத்து ஏழைகளுக்கு உணவோ உடையோ அளிக்க வேண்டும் அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும், எதற்கும் இயலாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும் என்று மாயிதா அத்தியாயத்தின் 89 ஆம் வசனம் பரிகாரத்தையும் விதித்திருக்கிறது.

ஆனால் சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இது: ஒரு பிள்ளை சத்தியம் செய்கிறது என்றால், அதன் வெறும் சொல்லை யாரும் நம்பவில்லை என்று பொருள். சத்தியத்தைக் கண்டிப்பதற்கு முன் அதை நம்பிக் காட்டுங்கள். "நீ சொன்னாலே போதும்" என்று ஒரு பெரியவர் சொல்லும்போது அந்த முகத்தில் வரும் மாற்றத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

19 மே 2024

வளைகுடாவில் இருக்கும் வாப்பாமார் பற்றி எழுதுமாறு ஏர்வாடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார். எங்கள் ஊரில் இதுதான் மிகவும் நோகிற இடம், அதனால் தள்ளிப்போட்டேன்.

போனில் பிள்ளை "எப்ப வருவீங்க வாப்பா" என்று கேட்கும்போது "பெருநாளைக்கு வந்துருவேன்" என்று சொல்லாமலிருக்க எந்தத் தகப்பனாலும் முடிவதில்லை. லீவு அவர் கையில் இல்லை, முதலாளி கையில் இருக்கிறது. பெருநாள் வருகிறது, வாப்பா வருவதில்லை. பொம்மை வருகிறது. அடுத்த முறை பிள்ளை கேட்பதை நிறுத்திவிடும்; அப்போது வீட்டில் எல்லோரும் "பிள்ளை விளங்கிக்கிட்டான்" என்று நிம்மதி அடைகிறார்கள்.

கையில் இருப்பதை வாக்காகக் கொடுங்கள் என்று தகப்பன்மாரிடம் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் போன் செய்வேன், நீ ஓதிய சூராவைக் கேட்பேன் என்பது கையில் இருக்கிறது. அதை ஒரு வாரமும் தவறாமல் செய்தால், வருவதைப் பற்றி "தெரியாதும்மா, லீவு கேட்டிருக்கேன்" என்று சொன்னாலும் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

என் மக்தபில் ஒரு பையனுக்கு அவன் வாப்பா, பாம்பனில் புதுப் பாலம் திறந்ததும் ரயிலில் ராமேஸ்வரம் கூட்டிப் போவேன் என்று சொல்லியிருக்கிறார். 1914 இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. புதியது எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பாலமும் அவர் கையில் இல்லை, லீவும் இல்லை. அந்தப் பையன் வாரந்தோறும் "பாலம் திறந்தாச்சா உஸ்தாபி" என்று கேட்கிறான்.

7 ஜூலை 2024

இதுவரை எழுதியவற்றில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அது விடுபட்டால் மற்ற எல்லாம் ஆபத்தாகவும் முடியலாம்.

வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்று ஊட்டி வளர்த்த பிள்ளையிடம், தீய எண்ணம் கொண்ட ஒரு பெரியவர் "யாரிடமும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடு" என்று வாங்கிக்கொள்ள முடியும். உறவினராக இருக்கலாம், ஓதிக்கொடுப்பவராகவும் இருக்கலாம். அந்த வாக்கு செல்லாது என்பதை வாக்கின் சிறப்பைச் சொல்லும் அதே நாளில் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். அல்லாஹ்வுக்கு மாறு செய்வதாக நேர்ச்சை செய்தவர் அதை நிறைவேற்றக் கூடாது என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அல்லாஹ்வுக்காகச் செய்த நேர்ச்சையே பாவத்தில் கட்டுப்படுத்தாது என்றால், ஒரு மனிதன் மிரட்டி வாங்கிய வாக்கு எப்படிக் கட்டுப்படுத்தும்?

பிள்ளைகளிடம் நான் சொல்லும் விதம்: உன் உடம்பைத் தொட்டதையோ, உன்னை நோகச் செய்ததையோ, பயமுறுத்தியதையோ உம்மாவிடம் மறைக்கச் சொல்லி யார் வாக்கு வாங்கினாலும் அது வாக்கே இல்லை, ஓடிவந்து சொல், சொன்னால் அல்லாஹ் கோபிக்க மாட்டான். பெருநாள் பரிசைத் தங்கையிடம் சொல்லாமல் வைப்பது நல்ல ரகசியம். இரண்டு நாளில் வெளியாகி எல்லோரும் மகிழ்வோம். வீட்டில் சொல்ல முடியாத நிலை என்றால் 1098 என்ற எண்ணுக்கு அழைக்கலாம் என்பதையும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

22 செப்டம்பர் 2024

பகைவருக்குக் கொடுத்த வாக்கு பற்றி ஒருவர் கேட்டார். நபித்தோழர் ஹுதைஃபா (ரலி) அவர்களும் தந்தையும் மதீனாவுக்கு வரும் வழியில் குறைஷிகளிடம் பிடிபட்டு, போரில் சேரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்து விடுபட்டார்கள். பத்ருப் போருக்கு ஆள் மிகவும் தேவைப்பட்ட நேரம். வாக்கை நிறைவேற்றுங்கள், அல்லாஹ்விடம் உதவி தேடுவோம் என்று நபியவர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். முஸ்லிமில் உள்ளது. பக்கத்து வீட்டு இந்துப் பையனிடமோ கிறிஸ்தவப் பையனிடமோ வாங்கிய கலர் பென்சிலைத் திருப்பிக் கொடுக்க இதைவிட வேறு பாடம் வேண்டாம். ஹுதைபிய்யாவில், மக்காவிலிருந்து தப்பி வந்த அபூஜந்தல் (ரலி) உடன்படிக்கைப்படி குறைஷிகளிடமே திருப்பி அனுப்பப்பட்டது சிறு பிள்ளைகளுக்குக் கனமானது. பன்னிரண்டு வயது ஆகட்டும்.

24 செப்டம்பர் 2024

நூற்று முறுக்கிய நூலைத் தானே பிரித்துப்போட்ட பெண்ணைப் போல ஆகாதீர்கள் என்ற நஹ்ல் அத்தியாயத்தின் 92 ஆம் வசனம் உறுதிமொழியைப் பற்றியது. இக்காலப் பிள்ளைகளுக்கு நூல் நூற்பது தெரியாது. பகலெல்லாம் பின்னிய வலையை இரவில் கண்ணி கண்ணியாக அவிழ்த்துவிடுபவர் என்று சொன்னேன். "மீன் எல்லாம் போயிருமே" என்று ஒரே குரலாகக் கத்தினார்கள்.

13 ஏப்ரல் 2025

இந்த மாதம் 6 ஆம் தேதி புதுப் பாம்பன் பாலம் திறந்தது. மறுநாளே அந்தப் பையன் மக்தபுக்கு ஓடிவந்தான். அவன் வாப்பாவுக்கு லீவு இல்லை. போனில் அவர் அதை மழுப்பவில்லை. "நான் சொன்னேன், என்னால வர முடியலை, மன்னிச்சிரு வாப்பா" என்று மகனிடம் சொல்லி, தன் வாக்கைத் தன் தகப்பனாரிடம் ஒப்படைத்திருக்கிறார். பாட்டனாருக்கு முழங்கால் வலி. ஆனாலும் ராமநாதபுரம் வரை பஸ்ஸில் போய், ரயிலேறி, பேரனை ராமேஸ்வரத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பினார். கப்பல் போக மேலே தூக்கும் பாகத்தைப் பற்றி அந்தப் பையன் ஒரு பாட நேரம் முழுவதும் பேசினான். பேச்சின் நடுவே பாட்டனாரைப் பற்றி "அப்பா, அபூபக்கர் மாதிரி" என்றான்; எங்கள் பக்கம் பாட்டனாரைத்தான் அப்பா என்பது. ஜாபிரின் சம்பவத்தைச் சொல்லி ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

20 ஏப்ரல் 2025

தொண்டிச் சகோதரி மீண்டும் எழுதியிருக்கிறார். மகனுக்கு ஏழு வயது தாண்டிவிட்டது, மஃரிபுக்கு அவனாகவே வந்து உட்காருகிறான், ஆனால் அடி வாங்கும்போது மட்டும் "இனிமே செய்ய மாட்டேன், வாக்கு, வாக்கு" என்று கதறிவிட்டு மறுநாள் அதையே செய்கிறான் என்கிறார்.

அது வாக்கு இல்லை, வலி. "இனிமே செய்யமாட்டேன்னு சொல்லு, அப்பத்தான் விடுவேன்" என்று வீட்டிலும் ஓதுகிற இடங்களிலும் பெரியவர்கள் கேட்டு வாங்குகிறோம். அந்த நொடியில் அடி நிற்பதற்காகப் பிள்ளை எதையும் சொல்லும். முதலில் கையை நிறுத்துங்கள், அந்தக் கேள்வியையும் நிறுத்துங்கள். கோபம் இருவருக்கும் ஆறிய பிறகு, மறுநாள் அதிகாலை சுபுஹு தொழுகைக்குப் பிறகு பக்கத்தில் உட்கார வைத்து, அடுத்த தடவை அந்த இடத்தில் என்ன செய்வாய் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். சொன்னால், அவன் சொன்ன அளவை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பங்குக்கு ஒன்றும் கூட்டாதீர்கள்.